பதிவெண் இல்லாத விண்ணப்பம்

மூன்று நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம், தாண்டினால் செயலாளர் மேசை மணியைத் தட்டுவார் என்று தலைவர் இளங்குமரன் காலையிலேயே சொல்லிவிட்டார். பேசப்போகும் ஐந்து பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார், கண் மட்டும் என் மேல் நின்றது. "மேடம், நல்ல விஷயமா நாலு சொல்லுங்க, நாற்பதாம் ஆண்டு விழா பாருங்க." நல்ல விஷயம் நாலு என்னிடம் இல்லை. மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், நாற்பது விநாடிதான் ஆகிறது. ஒன்று: ரூபி ஞானதீபம் என்பவர் 2004-இல் நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தார். இரண்டு: அவரிடம் பட்டம் இல்லை என்று, அப்போது தலைவராக இருந்த நான் அதைத் திருப்பி அனுப்பினேன். மூன்று: பட்டம் பெறாவிட்டாலும் இங்கே ஓராண்டாவது படித்தவர்கள் உறுப்பினராகலாம் என்று விதி நான்கை மாற்ற வேண்டும். முதல் வாக்கியத்தில் குறை இல்லை, மூன்றாவதிலும் இல்லை. இரண்டாவதைச் சொல்லும்போதெல்லாம் எங்கோ இடறுகிறது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டால் நடுவில் தெரியாது, கழுத்துக்கு வந்த பிறகுதான் தெரியும், அதுபோல. உறையோடே போர்த்திய பொன்னாடை தோளிலிருந்து வழுக்குகிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்குமே என்று பிடித்துக்கொண்டே இருக்கிறேன். அரங்கில் குளிர்சாதனம் நேராக என் கழுத்தில் அடிக்கிறது. எழுபத்தொரு வயதில் கழுத்துக்குப் பயப்படுவதா, நாக்குக்குப் பயப்படுவதா. இரண்டாவதைச் சொல்லிப் பார். அவரிடம் பட்டம் இல்லை என்று, நான். இல்லை, இன்னும் ஏதோ குறைகிறது.

முன்னாள் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி வகித்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். 'என் பணிக்காலம்' என்பது தலைப்பு. முதலில் சொர்ணலிங்கம் அண்ணாச்சி, எண்பத்திரண்டு வயது, நுழைவாயில் வளைவு கட்டிய கதையைச் சொல்லி மணி அடித்த பிறகும் வளைவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஜமால் முகைதீன், ஓய்வுபெற்ற நீதிபதி, இப்போது அவர் பேசுகிறார். மூன்றாவது நான். ஜமால் சாரின் நாற்காலி காலியாக இருப்பதால் அதன் மேல் சாய்ந்து அண்ணாச்சி என்னிடம், "ஜட்ஜு ஜோக்கு சொல்லப் போறாரு, பாரு. போன விழாவிலயும் இதே ஜோக்குதான்" என்கிறார். ஜமால் சார் சொல்கிறார்: "கோர்ட்டுல நான் ஆர்டர் போட்டா கேப்பாங்க. சங்கத்துல நான் ஆர்டர் போட்டா, காபியா டீயான்னு கேப்பாங்க." அரங்கம் சிரிக்கிறது. அண்ணாச்சியும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிறார். பிறகு ஜமால் சார் என் பக்கம் கையைக் காட்டுகிறார். "எனக்குப் பிறகு வந்தவங்க நம்ம சிதம்பரவடிவு அம்மா. பீரோவுல கெடந்த சங்கத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவந்தது அவங்கதான்." கைதட்டல். நான் கும்பிடுகிறேன். கம்ப்யூட்டர். அங்கேதான் ஆரம்பம். என் காலத்துக்கு முன்பு விதி நான்கில் 'இப்பல்கலைக்கழகத்தில் பயின்றோர்' என்று மட்டும்தான் இருந்தது. பழைய மாணவர் ஒருவர் அன்பாக ஒரு மென்பொருள் செய்துகொடுத்தார். அதில் பட்டப் பதிவெண் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அது பெயரைச் சேமிக்காது, சிவப்பாக ஒரு கோடு வந்து நிற்கும். பதிவெண் இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று செயற்குழுவில் யாரோ கேட்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான் கேட்டேன். அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். விதியை மாற்றினோம். 'பயின்றோர்' என்பதை அடித்துவிட்டு 'பட்டம் பெற்றோர்' என்று என் கையாலேயே எழுதினேன். தாவரவியல் வகுப்பில் முப்பது வருடம், இலைக்கு ஏற்றபடி பெயர் வை, பெயருக்கு ஏற்றபடி இலையை வெட்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

எண்பத்தாறு கடிதங்கள். அதை அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன், எண்பத்தாறு. சங்க அறையில் எழுத்தர் பரமசிவம் ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பி வைத்தார், ஈரப் பஞ்சில் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டு. ஒரு பக்கம் ஏற்றுக்கொண்டவை, இன்னொரு பக்கம் திருப்பி அனுப்புபவை. திருப்பி அனுப்பும் கடிதத்தில் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: தங்கள் விண்ணப்பத்தில் பட்டப் பதிவெண் குறிப்பிடப்படாமையால் பரிசீலிக்க இயலவில்லை. கீழே என் கையெழுத்து, பச்சை மசி. பின்னால் அவரவர் விண்ணப்பம் பின் அடித்திருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் பின்னால் இருப்பதைப் பார்ப்பதில்லை. கையெழுத்து விழ வேண்டிய இடத்தைத்தான் பார்ப்பார்கள். இத்தனை வருடமும் இதைத்தான் எனக்குச் சொல்லிவந்தேன். மகளிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்போ உன் மேல தப்பு இல்லையேம்மா, கிளார்க் காட்டினதுல போட்டுட்ட" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எவ்வளவு சுகமாக இருந்தது! எண்பத்தாறில் ஒன்று. ஆனால் எண்பத்தாறு என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எண்ணவில்லை, பரமசிவமும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பியவை எத்தனை என்று தெரியாது. மற்ற எண்பத்தைந்தில் எதுவும் ஞாபகம் இல்லை, அந்த ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதோ, ஜமால் சார் தண்ணீர் குடிக்கிறார். இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கும். மேடைக்குப் பின்னால் பந்தியில் இலை போடத் தொடங்கிவிட்டார்கள், ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டது, இங்கே வரை மணக்கிறது. நல்லது. சாப்பாடு இருந்தால்தான் கோரம், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான தலைக்கணக்கு, இருக்கும். தனியாகப் பொதுக்குழுவைக் கூட்டினால் பதினைந்து பேர்கூட வருவதில்லை என்று, ஆண்டு விழாவையும் பொதுக்குழுவையும் ஒன்றாக வைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். காலையில் குத்துவிளக்கு ஏற்றியதும் இளங்குமரன் அறிவித்தார்: பொதுக்குழுவும் இத்துடன் கூடுகிறது. கூடியதை இன்னும் யாரும் கலைக்கவில்லை. விதி பத்தொன்பது: பொதுக்குழு கூடியிருக்கும்போது எந்த உறுப்பினரும் தீர்மானம் முன்மொழியலாம், ஒருவர் வழிமொழிந்தால் தலைவர் அதை வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். நான் எழுதியதில் ஒன்றாவது ரூபிக்கு உதவட்டும்.

அப்போது ரூபியும் நானும் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. 1977, மார்ச். பெண்கள் நூலகத்திலிருந்து ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஆண்கள் ஒன்பது வரை இருக்கலாம். மலைச்செடிகளைப் பற்றிய பெரிய தொகுதிகளை வெளியே கொடுக்க மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பகலெல்லாம் வகுப்பு. "ஏட்டி, ஆறு மணிக்கு மேல நமக்கு மட்டும் எழுத்து தெரியாதாமா?" என்றாள் ரூபி. நாசரேத்து வாத்தியார் மகள். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள், கேள்வியைத்தான் உயர்த்துவாள். பதினோரு பேர் ஆறு மணிக்கு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், கோஷம் இல்லை, அட்டை இல்லை. உட்கார்ந்து படித்தோம். நூலகர் வந்து பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். மேலே மின்விசிறி கிரீச் கிரீச் என்றது, எனக்கு ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ரூபி குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தாள். உண்மையிலேயே படித்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை விடுதிக் காப்பாளர் கரும்பலகையில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். நான் செய்த ஒழுங்கீனத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்கமாட்டேன். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேர்வு எழுதலாம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நான் இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று கொண்டுபோய் நீட்டினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து செடி அழுத்தும் பலகையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கி முழுதும் படித்தாள். "எழுத்து அழகா இருக்குட்டி. ஆனா மனப்பூர்வமான்னு போட்டிருக்கியே, அது யாரு மனசு?" என்றாள். "கோட்டிக்காரி, சும்மா போடுட்டி, அப்பா படிக்கவைக்க என்ன பாடுபடுதாரு" என்றேன். அப்பாவைச் சொன்னதும் முகம் மாறியது. ஒரு நிமிடம் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். தாளை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தாள். பத்துப் பேர் எழுதினோம். பத்துப் பேரும் தேர்வு எழுதினோம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இரண்டு வருடம் கழித்துப் பெண்களுக்கும் ஒன்பது மணி வரை என்று பல்கலைக்கழகமே ஆணை போட்டது. அந்த ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நூலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்க அவளால் உள்ளே போக முடியாது. உள்ளே போகச் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும்.

போன வாரம் அவளிடம் பேசினேன். நாகர்கோவில் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள், பெயர்ப்பலகையில் இருந்த தொலைபேசி எண்ணை என் பழைய மாணவி ஒருத்தி படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் அழைத்தேன். "வடிவு பேசுதேன்" என்றேன். "எந்த வடிவு? மன்னிப்பு எழுதுத வடிவா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. "என்ன வேணும், ரோஜாக் கன்னா? ஆள் அனுப்பு, நல்லதாப் பாத்துத் தாரேன்" என்றாள். 2004-இல் எதற்காக விண்ணப்பித்தாய் என்று கேட்டேன். "சங்கத்துக் கார்டு இருந்தா லைப்ரரிக்குள்ள விடுவாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்கல்லா. நம்ம மலையில நான் பாத்த செடியெல்லாம் எழுதி வச்சிருக்கேன், ஆயிரத்துக்கு மேல. நாப்பது செடிக்குப் பேர் சரியான்னு தெரியல. அந்தப் பெரிய புத்தகத்தைப் பாத்தாத்தான் தெரியும்." இப்போது பார்க்க வேறு வழி இருக்குமே என்றேன். "கொஞ்சம் இருக்கு, போன்ல பாக்கேன். உலர்த்தி வச்ச செடியோட பக்கத்துல வச்சுப் பாக்க உங்க லைப்ரரிக்குத்தான் வரணும். எனக்கு அந்த ஆசையெல்லாம் போச்சுட்டி." பின்னால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம். "பொய் சொல்லுதேன். போகல" என்றாள். நான் விழாவில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன், அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. "அழுறதுக்கு மேடை ஏறாத. என் பேரைச் சேக்க முடியுமா, சேத்துரு. முடியலைன்னா ரசம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போ." வைத்துவிட்டாள். பிறகு அவளே திரும்ப அழைத்தாள். "ஒண்ணு கேக்கணும். அந்த லெட்டர்ல இருந்த பச்சை மையி கையெழுத்து உன்னுதுதான்னு பாத்ததும் தெரிஞ்சுது. போடும்போது என் பேரைப் பாத்தியா?" எண்பத்தாறு கடிதம் ரூபி, என்றேன். "ஓ" என்றாள். அந்த ஓ இன்னும் காதில் இருக்கிறது.

ஜமால் சார் முடிக்கப்போகிறார், நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார், மூன்று பேருக்குச் சொல்லிவிட்டார், இன்னும் இரண்டு பேருக்குச் சொல்வார். இரண்டாவது வாக்கியம். அவரிடம் பட்டம் இல்லை என்று அதை நான். அன்று சங்க அறையில் பரமசிவம் தாளைத் திருப்பினார். மேல் தாள் சற்றே விலகி, அடியிலிருந்த விண்ணப்பம் தெரிந்தது. வால் நீண்ட 'ரூ'. உலகத்தில் யாரும் அந்த எழுத்தை அப்படி இழுக்கமாட்டார்கள், நோட்டில் அடுத்த வரியில் போய் இடிக்கும். மேல் தாளை நானே தூக்கினேன். பரமசிவம் தூக்கவில்லை. நான் தூக்கினேன். பதிவெண் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். படித்த காலம், ஜூன் 1975 முதல் மார்ச் 1977 வரை. பல்கலைக்கழகத்தில் மறக்க முடியாத நினைவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எல்லோரும் சுற்றுலாவை எழுதுவார்கள், பேராசிரியர்களை எழுதுவார்கள். அவள் எழுதியிருந்தது: நூலகம், இரவு ஒன்பது மணி வரை, ஒரு நாள். முழுதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். "அம்மா, பேனாவுல மை இல்லையா?" என்று பரமசிவம் கேட்டார். அந்த வருடம்தான் சங்க மலரில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. பெண்களுக்கு நூலகத்தை ஒன்பது மணி வரை திறக்கவைத்த போராட்டத்தில் நின்றவர் என்று. நின்றவர். நான் அதை எழுதச் சொல்லவில்லை, திருத்தவும் சொல்லவில்லை. ரூபி உறுப்பினரானால் ஆண்டு விழாவுக்கு வருவாள். வந்தால் யாராவது கேட்பார்கள், நீங்களும் அந்தப் பதினோரு பேரில் ஒருவரா, உங்களுக்குப் பட்டம் ஏன் இல்லை? அவள் பொய் சொல்லமாட்டாள். இவ்வளவும் அங்கே நின்று யோசித்தேனா? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வயிற்றுக்குத் தெரிந்தது. மை இருக்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற கையெழுத்துகளைவிட அது கொஞ்சம் தெளிவாகவே விழுந்தது. ஆகவே பொத்தான் இங்கேதான் மாறியிருக்கிறது. விதி தடுத்தது என்று சொல்வதற்காக எழுதியது அந்த இரண்டாவது வாக்கியம். அவிழ்த்துவிட்டு மேலேயிருந்து போட வேண்டும். நேரம் இருக்கிறதா? ஜமால் சார் வந்து உட்கார்ந்துவிட்டார், "ஆல் யுவர்ஸ்ம்மா" என்கிறார்.

தொகுத்து வழங்கும் விலங்கியல் ஆசிரியை என்னை அறிமுகப்படுத்துகிறாள், நல்ல குரல், மலரில் இருந்ததை அப்படியே வாசிக்கிறாள். "மாணவப் பருவத்திலேயே நூலக உரிமைக்காக நெஞ்சு நிமிர்த்தி நின்ற போராளி." கைதட்டல் வருகிறது, வருகிறது, அடங்குகிறவரை காத்திருக்கிறேன். பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். ஒலிவாங்கி உயரமாக இருக்கிறது, நானே இறக்கிக்கொள்கிறேன். "நான் நிற்கவில்லை" என்கிறேன், "உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்காதவர் ஒருவர்தான், ரூபி ஞானதீபம். அதனால் அவருக்குப் பட்டம் இல்லை." யாரோ இருமுகிறார்கள். "2004-இல் அவர் நம் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். அதை நான் இரண்டு முறை படித்தேன். யாருடையது என்று தெரிந்தேதான் திருப்பி அனுப்பினேன். அவர் இங்கே வந்தால் என் கதை வெளியே வரும் என்று பயந்தேன்." குரல் உடையவில்லை, அழவும் இல்லை. பின்வரிசையில் ஒருவர், முடிந்துவிட்டது என்று நினைத்து, தட்டத் தொடங்குகிறார். "தட்ட வேண்டாம், இன்னும் முடியவில்லை. விதி நான்கில் 'பட்டம் பெற்றோர்' என்று இருப்பதை எடுத்துவிட்டு, 'ஓராண்டாவது பயின்றோர்' என்று சேர்க்கும்படி தீர்மானம் முன்மொழிகிறேன். அவர் வயது எழுபத்தொன்று. அடுத்த பொதுக்குழு வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது." மணி அடிக்கிறது. இளங்குமரன் பக்கத்தில் வந்துவிட்டார், புன்னகை அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் தணிந்திருக்கிறது. "மேடம், மேடம், இதையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கலாமே." "சாப்பாட்டுக்கு அப்புறம் கோரம் இருக்காது தம்பி" என்கிறேன், ஒலிபெருக்கி அதையும் அரங்கத்துக்குச் சொல்லிவிடுகிறது. இரண்டு பேர் சிரிக்கிறார்கள், உடனே நிறுத்திக்கொள்கிறார்கள். "பொதுக்குழுவை நீங்கதான் கூட்டினீங்க, நீங்க இன்னும் கலைக்கல. விதி பத்தொன்பது." அவர் செயலாளரைப் பார்க்கிறார், செயலாளர் மணியைப் பார்க்கிறார். "வடிவு, போதும்மா, வந்து உக்காரு" என்கிறார் சொர்ணலிங்கம் அண்ணாச்சி, அன்பாகத்தான். ஜமால் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் என்னோடு கடிதம் எழுதிய பத்துப் பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறாள், இன்னொருத்தி நேராக என்னையே பார்க்கிறாள், கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. "வழிமொழிய ஒருவர் வேண்டும்" என்று சொல்கிறேன். மணி மறுபடி அடிக்கிறது. அரங்கம் முழுக்க முகங்கள், வரிசை வரிசையாக, அவசரப்படாமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் உட்காரவில்லை.